பழுத்த மாம்பழம் காயாக வந்தது: உங்கள் மெஜந்தா மை பற்றிய புகார்

அனுப்புநர்:
ஸ்டிக்கர் மற்றும் டிஜிட்டல் பிரிண்டிங் கடை உரிமையாளர்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
எனக்கு மெஷினும் மையும் விற்ற நிறுவனம்.

நாள்: ஜூன் 11

பொருள்: எக்கோ சால்வென்ட் மெஜந்தா (ரோஸ் கலந்த சிவப்பு) மை சொல்லாமல் மாற்றப்பட்டது, அதற்கு வேறு எதற்கோ போட்ட ப்ரொஃபைலைக் (நிறக் கணக்கு ஃபைலை) கொடுத்தது, இதனால் ஆன நஷ்டம்.

ஐயா,

வணக்கம். இது நான் அனுப்பும் ஐந்தாவது புகார். முதல் நான்கும் போனில் சொன்னவை, நான்கு முறையும் நான்கு பேர் எடுத்தார்கள், நான்கு முறையும் கதையை முதலிலிருந்து சொன்னேன், கடைசியில் எல்லோரும் சொன்னது ஒன்றே: "ஹெட் க்ளீனிங் போடுங்க சார்." அதனால்தான் இந்த முறை எழுத்தில். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு முழுவதும் படியுங்கள்.

எங்கள் கடையில் ஓடுவது உங்களிடம் வாங்கிய, ஸ்டிக்கரும் பேனரும் அடிக்கும் ஆறு அடி எக்கோ சால்வென்ட் மெஷின், மை தெளிக்கும் இரண்டு எப்சன் ஹெட். மூன்று வருடமாக உங்கள் மையைத் தவிர ஒரு சொட்டு வேறு மை அதில் போனதில்லை. வேறு மை போட்டால் வாரண்டி கிடையாது என்று நீங்கள்தான் பில்லிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு கம்பெனி மை ஒன்றாகக் கலந்தால் திரிந்து போய் டேம்பரிலும் (ஹெட்டுக்கு முன்னால் மை தங்கும் சின்ன அறை) ஹெட்டிலும் அடைத்துக்கொள்ளும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே உங்களை விட்டு வேறு இடம் போக முடியாத நிலையில் இருக்கும் வாடிக்கையாளர் நான் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் மே, ஜூன், ஜூலை என்றால் என்ன என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியுமோ தெரியாது. மாங்காய் மண்டிகளும் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளும் ராத்திரி பகலாக ஓடும் மாதங்கள் அவை. செந்தூராவும் அல்போன்சாவும் முதலில் வரும், பின்னாலேயே பெங்களூரா, கடைசியாக நீலம். பெட்டிக்கு ஸ்டிக்கர், லாரிக்குப் பேனர், மாங்கனிக் கண்காட்சிக்கு ஸ்டால் போடுகிறவர்களுக்கு போர்டு என்று ஒரு வருட வாடகையை நான் சம்பாதிப்பது இந்த மூன்று மாதத்தில்தான். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மாம்பழம் மாம்பழ நிறத்தில் வர வேண்டும், அவ்வளவுதான்.

மே 5-ம் தேதி உங்களிடமிருந்து புது மை வந்தது. மற்ற மூன்று நிறத்திலும் இரண்டிரண்டு லிட்டர், மெஜந்தா மட்டும் ஆறு லிட்டர், லிட்டர் 1,350 ரூபாய். பாட்டிலும் லேபிளும் பழையபடிதான் இருந்தன. மெஜந்தாவில் பேட்ச் எண்ணின் முதல் இரண்டு எழுத்து மட்டும் மாறியிருந்தது, அதை அன்று நான் கவனிக்கவில்லை. டேங்கில் ஊற்றினேன். மூன்று நாள் கழித்து ராயக்கோட்டை ரோட்டில் மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு 4,000 பெட்டி ஸ்டிக்கர் அடித்தேன். போன வருடம் அடித்த அதே ஃபைல், அதே வினைல் (ஸ்டிக்கர் ஷீட்), அதே ரெசல்யூஷன், அதே பாஸ் (ஒரே இடத்தின் மேல் ஹெட் எத்தனை முறை ஓடுகிறது என்பது). கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "என்ன தம்பி, நான் பழம் கேட்டா நீ காயை அடிச்சுக் குடுத்திருக்க?"

போன வருட ஸ்டிக்கரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். உண்மைதான். அல்போன்சாவின் தங்க மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகியிருந்தது. செந்தூராவின் கன்னத்துச் சிவப்பு வெளிறிக் கிடந்தது. பின்னால் நிழலுக்குப் போட்டிருந்த சாம்பல் நிறத்தில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. கூட்டிப் பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: மெஜந்தா குறைகிறது. மாம்பழ மஞ்சள் என்பது மஞ்சளில் கொஞ்சம் மெஜந்தா, அது குறைந்தால் காய் நிறம்தான் வரும். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சமன்பட்டு நின்றால்தான் சாம்பல், அதில் மெஜந்தா இளைத்தால் பச்சை எட்டிப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை.

அன்று மாலையே உங்களுக்குப் போன் செய்தேன். க்ளீனிங் என்றார்கள். ஹெட்டின் எல்லாத் துளையும் மை விடுகிறதா என்று காட்டும் நாசில் செக் எடுத்துப் பார்த்தேன், ஒரு கோடு கூட விடுபடவில்லை. சரி, நிறுவனம் சொல்கிறதே என்று நார்மல் க்ளீனிங் இரண்டு, ஸ்ட்ராங் க்ளீனிங் மூன்று போட்டேன். ஒவ்வொரு ஸ்ட்ராங் க்ளீனிங்குக்கும் எவ்வளவு மை வேஸ்ட் பாட்டிலுக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் நீங்கள் விற்ற மை, நான் காசு கொடுத்த மை. நிறம் இம்மி கூட மாறவில்லை. மாறாது. ஏனென்றால் அடைப்பு இருந்தால் நிறப்பட்டையில் கோடு கோடாகத் தெரிய வேண்டும், என் பட்டை கண்ணாடி மாதிரி ஒரே சீராக வந்தது, வெளிறிப் போய்ச் சீராக வந்தது. இதை நான் போனில் சொன்னபோது எடுத்தவர், "அப்போ கேப்பிங் பாருங்க சார்" என்றார். ஹெட்டை மூடி வைக்கும் அந்தக் கேப்பிங்கைப் பார்த்தேன். ஹெட்டைத் துடைக்கும் வைப்பரும் பார்த்தேன். மெஜந்தா டேம்பரைக் கூடப் புதிதாக மாற்றினேன், 450 ரூபாய்.

மே 14-ல் உங்கள் டெக்னீஷியன் வந்தார். நல்ல பையன், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. கையில் நிறம் அளக்கும் கருவி இல்லாமல் ஒரு பென்டிரைவ் மட்டும் கொடுத்து அனுப்பியது நீங்கள். முதலில் என் மானிட்டர் சரியில்லை என்றார். தம்பி, நான் மானிட்டரையும் பிரிண்டையும் ஒப்பிடவில்லை, போன வருட பிரிண்டையும் இந்த வருட பிரிண்டையும் ஒப்பிடுகிறேன், இதில் மானிட்டர் எங்கே வந்தது என்றேன். அப்புறம் ஃபைலைப் பார்த்தார். இங்கே ஒரு உண்மையை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் ஃபைல்கள் சிலவற்றில் போட்டோஷாப்பிலும் ப்ரொஃபைல் மாற்றி, ஃபைலை மெஷினுக்கு அனுப்பும் ரிப் மென்பொருளிலும் மறுபடி மாற்றும்படி வைத்திருந்தேன். இரட்டை வேலை, அது என் தவறு, அவர் காட்டியதும் சரி செய்துவிட்டேன். ஆனால் இந்த மாம்பழ ஃபைல் அதில் சேர்த்தி இல்லை. போன வருடம் இதே ஃபைல் சரியாக வந்ததே.

கடைசியில் பென்டிரைவிலிருந்து ஒரு ஐசிசி ப்ரொஃபைலைப் போட்டுக் கொடுத்து, இது உங்கள் மெஷினுக்கும் வினைலுக்குமே செய்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் போட்டு அடித்தால் மாம்பழம் கொஞ்சம் தேறியது, ஆனால் மனித முகமெல்லாம் தக்காளி ஆகிவிட்டது. அந்த வாரம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வரவேற்பு போர்டு, அந்தப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது போல முகம். திரும்ப அடித்துக் கொடுத்தேன், என் செலவில்.

சந்தேகம் வந்து அந்த ப்ரொஃபைலை என் கம்ப்யூட்டரில் ஏற்றி போட்டோஷாப்பில் பார்த்தேன். ஃபைலின் பெயரில் என் மெஷின் பெயரும் 'வினைல்' என்பதும் அழகாக எழுதியிருந்தது. ஆனால் ஐசிசி ஃபைலின் பெயரை வெளியே யார் வேண்டுமானாலும் மாற்றலாம், உள்ளே எழுதி வைத்த விவரம் அதனால் மாறாது, போட்டோஷாப் காட்டுவது உள்ளே இருக்கும் பெயரைத்தான். உள்ளே இருந்தது வேறு ஒரு மெஷின், பின்னால் விளக்கு எரியும் போர்டுக்குப் போடும் பேக்லிட் ஃபிலிம், வேறு ரெசல்யூஷன். உருவாக்கிய தேதியும் உள்ளே இருக்கிறது, நான் இந்த மெஷினை வாங்குவதற்கு இரண்டு வருடம் முந்தையது. அதாவது யாருக்கோ தைத்த சட்டையில் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

ப்ரொஃபைல் என்பது மந்திரம் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பிட்ட மையை, குறிப்பிட்ட மீடியாவில், குறிப்பிட்ட ரெசல்யூஷனில் கட்டம் கட்டமாக அடித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கருவியால் அளந்து, இந்த நிறம் வேண்டுமானால் இத்தனை சதவீதம் மெஜந்தா போடு என்று எழுதி வைத்த பட்டியல் அது. மையை மாற்றிவிட்டுப் பட்டியலை அப்படியே வைத்திருப்பது, மண்டியில் படிக்கல்லை மாற்றிவிட்டுக் கணக்கு நோட்டில் அதே கிலோவை எழுதுவதற்குச் சமம். எங்கள் ஊர் மண்டியில் அதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று இங்கே எழுதவில்லை.

மையில்தான் கோளாறு என்பதை நான் எப்படி உறுதி செய்தேன் என்று கேட்பீர்கள். என்னிடம் பழைய பேட்ச் மெஜந்தா சுமார் 300 மில்லி பாட்டிலில் மிச்சம் இருந்தது. மே 18 ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, மெஜந்தா லைனை முழுவதும் காலி செய்து, மிச்சமிருந்த அந்தப் பழைய பேட்ச் மையை டேம்பர் வழியாக இழுத்து, பழைய ப்ரொஃபைலில் அதே ஃபைலை அடித்தேன். மாம்பழம் பழுத்தது. மறுபடி லைனைக் காலி செய்து புது மையை ஏற்றினேன். மாம்பழம் காயானது. மெஷின், ஹெட், ஃபைல், வினைல், ஹீட்டர் சூடு, ப்ரொஃபைல் எதுவுமே மாறவில்லை, மாறியது ஒரே ஒரு பாட்டில். அதோடு விடவில்லை. ஓசூரில் லேபிள் பிரஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் நிறம் அளக்கும் கருவி இருக்கிறது, இரண்டு நூறு சதவீத மெஜந்தா பட்டைகளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். பழையதின் அடர்த்தி 1.42, புதியது 1.19. இரண்டுக்கும் நடுவே நிற வித்தியாசம் டெல்டா இ கணக்கில் 9-க்கு மேல். இந்த எண் இரண்டுக்குள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது, ஒன்பது என்றால் மண்டிக்காரர் கண்ணாடி போடாமலே கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தார்.

இப்போது உங்கள் மேலாளர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். ரிப்பில் மெஜந்தா கர்வை (எவ்வளவு மை விழ வேண்டும் என்ற கோட்டை) ஏற்றுங்கள், எல்லாம் சரியாகும் என்றார். ஆகாது சார். அல்போன்சா மஞ்சளில் மெஜந்தா முப்பது சதவீதம்தான், அதை நாற்பதாக ஏற்றினால் ஏதோ சமாளிக்கலாம், ஒழுங்காக அளந்து புது ப்ரொஃபைல் போட்டாலும் அந்த மஞ்சள் வந்துவிடும். ஆனால் செந்தூராவின் கன்னத்தில் மெஜந்தா ஏற்கெனவே நூறு. நூறுக்கு மேல் எங்கே ஏற்றுவது? பாட்டிலில் இல்லாத நிறத்தை எந்தக் கர்வும் கொண்டு வராது. இங்க் லிமிட்டைத் தளர்த்தி மையை அதிகமாகக் கொட்டியும் பார்த்தேன், சரியாகக் காயவில்லை, ஒரு நாள் முழுக்கக் காய விட்டு லேமினேஷன் போட்டும் குமிழி குமிழியாகக் கிளம்பியது. ஆகவே ப்ரொஃபைலால் தீரும் பாதி, மையை மாற்றினால்தான் தீரும் மீதி. இரண்டும் உங்கள் கையில் இருக்கிறது.

மை பேட்சுக்குப் பேட்ச் கொஞ்சம் வித்தியாசப்படும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏன், தயாரிப்பையே மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு ஆத்திரம் அதில் இல்லை. பாட்டிலோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்து "மெஜந்தா மாறியிருக்கிறது, புது ப்ரொஃபைல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் 4,000 ஸ்டிக்கர் அடிப்பதற்கு முன் ஒரு அடி நீளம் அடித்துப் பார்த்திருப்பேன். அதைச் செய்யாமல் ஐந்து வாரமாக என் ஹெட்டையும், என் மானிட்டரையும், என் கண்ணையும் சந்தேகப்பட வைத்தீர்கள். நடுவில் ஒரு நாள் இரவு, ஹெட்டே போய்விட்டதோ என்று பயந்து புது ஹெட் விலை விசாரித்தேன். வீட்டில் நகையை வைக்கலாமா என்று பேச்சு வரை போனது. அதற்கெல்லாம் பில் கிடையாது, விடுங்கள்.

பில் இருப்பதைக் கேட்கிறேன். 50 மீட்டர் வினைல் ரோலில் 38 மீட்டர் வீண், அதன் லேமினேஷன், திரும்ப அடித்த வரவேற்பு போர்டு, டேம்பர், க்ளீனிங்கில் போன மை, எல்லாம் சேர்த்து 14,860 ரூபாய். கணக்கு தனியாக இணைத்திருக்கிறேன், அதில் என் ஞாயிற்றுக்கிழமைக் கூலியும் ஓசூர் பஸ் டிக்கெட்டும் சேர்க்கவில்லை. திறக்காமல் இருக்கும் நாலு லிட்டர் மெஜந்தாவை எடுத்துக்கொண்டு பழைய பேட்சைக் கொடுங்கள், அது இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள். புது மையைத்தான் இனி விற்கப்போகிறீர்கள் என்றால், கருவியோடு ஒரு ஆளை அனுப்பி என் வினைலில், என் ரெசல்யூஷனில், என் கண்ணெதிரே கட்டம் அடித்து அளந்து ப்ரொஃபைல் போட்டுக் கொடுங்கள். பென்டிரைவ் வேண்டாம். மெஜந்தாவில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள், போனில் இல்லை.

இந்த மாதம் 20-ம் தேதி வரை காத்திருப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் இரண்டு மெஜந்தா பட்டைகள், அளவுகள், ஸ்கிரீன்ஷாட், பில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகப் பக்கம் இருக்கும் வக்கீலைப் பார்த்து, நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 சட்டப்படி நான் வாங்கிய கடை வேறு ஊரில் இருந்தாலும் நான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதற்காக நான் பஸ் ஏற வேண்டியதில்லை.

நீலம் இனிமேல்தான் வரும். அந்த மண்டிப் பெரியவர் இன்னும் வேறு கடைக்குப் போகவில்லை, நேற்று கூட வந்து "மை வந்துச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். 22-ம் தேதிக்குள் அவருக்கு 6,000 ஸ்டிக்கர் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மூன்று வருடமாக உங்கள் மையை மட்டும் ஊற்றும் வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி.

இணைப்பு: பழைய, புது மெஜந்தா பட்டைகள், இரண்டு மாம்பழ ஸ்டிக்கர்கள், நாசில் செக் தாள், ப்ரொஃபைல் ஸ்கிரீன்ஷாட், பில் நகல்கள்.