ரிஷிகேசத்துக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியப் பயண ஏற்பாட்டாளர்கள் ரிஷிகேசத்துக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். முன்பு அப்படி ஒரு குழுவோடு போய், கங்கையில் கால் நனைக்காமலே பேருந்தில் ஏறினேன். அந்தக் குறை தீர, இம்முறை அக்காவும் நானும் பன்னிரண்டு நாள் தங்கினோம். விடிகாலையில் படித்துறையில் உட்கார்ந்தால் கணுக்கால் மரத்துப்போகும். பச்சைத் தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள். அக்கா நனைந்த சேலை நுனியைப் பிழிந்து கையிலேயே பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் 1913 முதல் 1923 வரை நம் மலாயாவில் மருத்துவம் பார்த்தவர். 1924-இல் ரிஷிகேசம் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்த கை அது! அவருடைய ஆசிரமத்தையும் ஓட்டமாகவா பார்ப்பது? பயண ஏற்பாட்டாளர்களே, மூன்று நாளாவது கொடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்