பூசை தவறிய ஞாயிறு

அன்பு மகளுக்கு,

பூசைக்குப் போகிற வழியில் சிக்னலில் விழுந்து கிடந்த பெரியவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர் மகன் வரும்வரை கூடவே இருந்ததில் பூசை போய்விட்டது, அதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யணுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் ஆத்தா. செய்யாத பாவத்துக்கு எதற்கு? உடம்பு முடியாதது, கைக்குழந்தையைப் பார்ப்பது மாதிரி தக்க காரணம் இருந்தால் ஞாயிறு பூசைக் கடமை இல்லை என்று திருச்சபையே சொல்கிறது. "108க்கு போன் போட்டுவிட்டு வந்திருக்கலாமே" என்று உன்னிடம் சொன்னவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை நிதானமாக வாசி. செத்த உடம்பைத் தொட்டால் 7 நாள் தீட்டு என்பது மோசே சட்டம், குருக்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம், அதனால்தான் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைப் பார்த்தும் குரு ஒதுங்கிப் போனார் என்று அவருக்காகப் பரிந்து பேசுவார்கள். இயேசு அப்படி ஒரு காரணமே சொல்லவில்லை. தவிர, அந்தக் குரு எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார், கோயில் அவருக்குப் பின்னால் இருக்கிறது, எந்தப் பூசைக்கு நேரமாகிவிட்டது? பிறகு அந்த வழியே வந்தவன், யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். சமாரியருக்கும் அதே மோசே சட்டம்தான் வேதம், தீட்டு அவனுக்கும் உண்டு. அவன் கிட்டப் போனான். இத்தனைக்கும் முந்தின அதிகாரத்தில்தான் ஒரு சமாரிய ஊர் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை, வானத்திலிருந்து தீ இறங்கச் சொல்லட்டுமா என்று அவர் சீடர்கள் யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். அந்த சனத்தில் ஒருத்தனைத்தான் அவர் கதைக்கு எடுத்தார்.

உங்கப்பா ஒரு ஞாயிறு பூசை தவறமாட்டார், உனக்கே தெரியும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடிக்காரர்கள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், கொப்புளம் பட்ட அவர்கள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து வேப்பெண்ணெய் தடவி விடுகிறவரும் அவர்தான். அவர்கள் எந்தச் சாமிக்கு நடக்கிறார்கள் என்று இந்த வீட்டில் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

அப்புறம் ஒன்று. காயத்துக்கு எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்து, தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்ததோடு அந்தச் சமாரியன் கணக்கை முடிக்கவில்லை. 2 தெனாரியம், அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி, கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். நீயும் இந்த வாரம் ஒரு நடை போய் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வா. மருந்துச் செலவுக்குச் சிரமமா என்று அவர் மகனிடம் பக்குவமாகக் கேள், கூச்சப்படுவார். எவ்வளவு என்று சொல், அப்பா அனுப்பி வைப்பார்.

அம்மா