பரிந்துரை வந்தது, பதில் என்ன ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் உதவித்தொகையை உயர்த்த வேண்டும், ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கும் தொகையைக் கூட்ட வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்திருப்பதாக பட்ஜெட் கூட்டத்தொடர் சமயத்தில் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. உங்கள் நாளிதழிலும் வருகிறது, மற்றவற்றிலும் வருகிறது. அந்தப் பரிந்துரைக்கு அமைச்சகம் என்ன பதில் சொன்னது என்பதை மட்டும் எதிலும் படித்த நினைவில்லை. அது குறித்துத்தான் எழுதுகிறேன்.

கிராமத்து ஏழையின் வீடு, முதுமைக் காலத்து உதவித்தொகை ஆகிய இரண்டையும் ஆராய்வது ஒரே குழு. ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் துறைக்கான அந்த நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருக்கிறார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் கலந்த குழு அது. சிவசேனாவின் பிரதாப்ராவ் ஜாதவ், தி.மு.க.வின் கனிமொழி, காங்கிரஸின் சப்தகிரி சங்கர் உலாகா என்று தலைமை மாறி மாறி வந்திருக்கிறது. மூவர் காலத்திலும் அறிக்கை சொன்னது ஒன்றுதான்: கொடுக்கும் தொகை மிகச் சொற்பம், உயர்த்துங்கள். அவையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கட்சிகள் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வருவது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியமா என்ன?

தொகை எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது முதியோருக்கு மத்திய அரசு கொடுத்தது மாதம் 75 ரூபாய். 2006-இல் அது 200 ஆனது. இன்றும் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அதே 200தான். 80 வயதைத் தொட்டால் 500. கணவரை இழந்த பெண்களுக்கும் கடுமையான ஊனமுற்றோருக்கும் 300. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட வராத பணத்தை உதவித்தொகை என்று கணக்கெழுத மனம் கூசவேண்டும். பயனாளிகளின் உச்சவரம்போ 2001 மக்கள்தொகைக் கணக்கையும் 2004-05 வறுமை விகிதத்தையும் வைத்துப் போட்டது. ஏறக்குறைய 3 கோடியே 9 லட்சம் பேர். அதற்குப் பிறகு முதுமை அடைந்த ஏழைகள் மாநில அரசின் பாடு.

தமிழ்நாட்டில் இருப்பதால் இதன் உறைப்பு நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. இங்கே மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து 2023-இல் 1,200 ரூபாய் ஆக்கியது. பீகாரில் 2025 நடுப்பகுதி வரை 400 ரூபாய்தான். சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய பிறகு அது ஒரே தாவலில் 1,100 ஆனது. நிலைக்குழுவின் அத்தனை அறிக்கைகளாலும் ஆகாதது ஒரு தேர்தலால் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 நிதிச் சட்டத்தின் வழியாக நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட்டது. அதன்படி 2025 மார்ச்சில் மாதச் சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1 லட்சத்து 24 ஆயிரமாக உயர்ந்தது. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25 ஆயிரத்திலிருந்து 31 ஆயிரமானது. அவர்கள் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விலைவாசி ஏறுகிறது என்பது டெல்லிக்குத் தெரியும் என்பதற்கு இது சாட்சி, அவ்வளவுதான்.

வீட்டுக் கணக்கு எனக்கு இன்னும் நெருக்கமானது. ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் தொகுப்பு வீடுகளின் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். பிரதமரின் கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், மலைப்பகுதிக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் என்று 2016-இல் தொகை நிர்ணயித்தார்கள். பணம் மொத்தமாக வராது. நான் பார்த்த வரையில், பேஸ்மட்டம் முடிந்ததும் ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு ஒரு தவணை, தளம் போட்ட பிறகு ஒரு தவணை. ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் பிடித்து ஏற்றினால்தான் அடுத்தது. அதாவது, முதலில் கட்ட வேண்டும், பிறகுதான் பணம். கையில் காசில்லை என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் முதலில் நீ போட்டுக் கட்டு என்கிறது இந்த நடைமுறை. சிமெண்ட் கடையில் கடன், கம்பிக் கடையில் கடன், அதுவும் போதாமல் வட்டிக்கு. லிண்டலோடு நின்றுபோன வீடுகளை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு விட்ட இடத்தில் செங்கல்லை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, நீட்டிக்கொண்டு நிற்கும் துருப்பிடித்த கம்பியில் துணி காய வைத்துக் குடியிருப்பார்கள். அலுவலகக் கோப்பில் அது நிலுவைப் பணி. மேலதிகாரி ஆய்வுக்கு வரும்போது திட்டு வாங்குவது ஓவர்சியர். அவர் போய்த் திட்டுவது வீட்டுக்காரரை.

நிலைக்குழு சொன்னது இதைத்தான். இந்தத் தொகையில் வீடு முடியாது, உயர்த்துங்கள். நடந்தது என்ன? 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் கொடுத்தது, 2029 மார்ச் வரைக்கும். தொகை அதே 1 லட்சத்து 20 ஆயிரம். 2016-இல் போட்ட விலை 2029 வரை ஓடும் என்று அரசு நம்புகிறது! நம் மாநில அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் என்று கணக்கிட்டது. மத்தியத் திட்டத்தின் 25 சதுர மீட்டர், ஏறத்தாழ 269 சதுர அடி. அதே விகிதத்தில் போட்டால் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. மிச்சத்தை யார் கொடுப்பது என்பதுதான் குழுவின் கேள்வி. மத்தியத் திட்ட வீடுகளுக்கும் இங்கே மாநில அரசு தனியே பணம் சேர்த்துக் கொடுக்கிறது. கொடுக்க வக்கில்லாத மாநிலங்களில்?

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பார்கள். சரி, கட்டுப்படுத்த வேண்டாம். பதில் சொல்லக் கட்டுப்படுத்தலாம் அல்லவா? அதற்கான வழி ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் நடவடிக்கைக் குறிப்பைக் கொடுக்க வேண்டும். அதை வைத்துக் குழு இன்னோர் அறிக்கை தயாரிக்கும். அதில் அரசு ஏற்றவை ஓர் அத்தியாயம், பதிலைப் பார்த்துக் குழுவே கைவிட்டவை ஓர் அத்தியாயம், பதிலைக் குழு ஏற்காதவை ஓர் அத்தியாயம், இடைக்கால பதில் மட்டும் வந்தவை ஓர் அத்தியாயம் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். இது போதாதென்று, பரிந்துரைகள் எந்த நிலையில் உள்ளன என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைச்சர் அவையில் அறிக்கை தர வேண்டும் என்று மக்களவைத் தலைவரின் 73ஏ வழிகாட்டுதல் சொல்கிறது. அமைச்சர் எழுந்து, அறிக்கையை மேசையில் வைக்கிறேன் என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். கேள்வி கேட்பாரில்லை.

அமைச்சகங்களின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதமாவது இருக்கிறதே என்றால், 2023 மார்ச்சில் அமளிக்கு நடுவே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் கில்லட்டின் முறையில் விவாதமே இல்லாமல் நிறைவேறின. குழு வாரக்கணக்கில் உட்கார்ந்து அலசிய துறையைப் பற்றி அவையில் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

பிரிட்டனில் இதே வேலையைச் செய்யும் பணி மற்றும் ஓய்வூதியக் குழுவின் விசாரணைகளை யாரும் நேரலையில் பார்க்கலாம். அங்கே புதிதாக உதவித்தொகை கேட்பவர் முதல் பணத்துக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்ததை 2017-இல் அந்தக் குழு கடுமையாகச் சாடியது. அதே நவம்பர் பட்ஜெட்டில் ஐந்து வாரமாகக் குறைத்தார்கள். குழு கேட்டது அதைவிட அதிகம்தான். ஆனாலும் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே ஒரு மாதமே இடைவெளி. நம் குழுக்கள் கூடுவது மூடிய கதவுக்குள். அதனால் உறுப்பினர்கள் கட்சிச் சண்டையை விட்டுப் பேசுகிறார்கள் என்பது உண்மை, அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. அமைச்சகத்தின் பதிலுமா கதவுக்குள்ளேயே கிடக்க வேண்டும்?

உதவித்தொகை விஷயத்தில் அமைச்சகத்தின் நிலை, 2025-26 வரை திட்டம் இருந்த வடிவிலேயே தொடரும் என்பதாகத்தான் இருந்தது. பணமில்லை என்றால் அதையும் சொல்லலாம். 3 கோடிப் பேருக்கு மாதம் 300 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 10,800 கோடி. 2025-26 ஒதுக்கீடே 9,652 கோடிதான் என்பதால் இது சிறிய தொகை அல்ல. முடியாது, அதற்கு இதுதான் காரணம் என்று நிதியமைச்சர் அவையில் எழுந்து சொன்னால், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கேட்டுக்கொள்வோம்.

உங்கள் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் பணம் கொண்டுவரும் வங்கி முகவரிடம், “கூட்டிட்டாங்களாமே, மீதி எங்கே?” என்று கேட்டு அவரோடு சண்டைக்கு நிற்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். பரிந்துரை என்றால் உத்தரவு என்றே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தச் செய்தியைப் போடும்போது, முந்தைய ஆண்டுப் பரிந்துரைக்கு அமைச்சகம் கொடுத்த பதிலையும், அது எந்த அத்தியாயத்தில் போய்ச் சேர்ந்தது என்பதையும் கீழே நாலு வரி சேர்த்துப் போடுங்கள். அந்தக் குழுவில் தமிழ்நாட்டு உறுப்பினர் யாரேனும் இருந்தால், அவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றிய ஊழியர் ஒருவர்,
திருச்சி மாவட்டம்.