வெள்ளிப் பாடும் பறவைப் பெட்டி வாங்கப் போகும் தம்பிக்கு

அன்பின் தம்பி,

செட்டியார் தெருவில் பார்த்த பெட்டியின் படங்கள் கிடைத்தன. மூடி திறந்ததும் விரல் நுனியளவு பறவை எழுந்து, அலகசைத்துப் பாடி, தானாகவே படுத்துக்கொள்ளும் வகை. கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, கிராமுக்கு இவ்வளவு என்று விலை சொன்னதை மட்டும் ஏற்க வேண்டாம். அந்த நிறையில் பித்தளையும் உருக்கும் கணிசமான பங்கு. வெள்ளி வெளிக்கூடு மட்டும்தான். விலையைத் தீர்மானிக்க வேண்டியது உள்ளே இருக்கும் துருத்தி. கொழும்பின் ஈரக்காற்று முதலில் தின்பதும் அதைத்தான்.

பொறி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பழுதைக் காதாலேயே பிடிக்கலாம். திறப்பால் முறுக்கிய ஸ்பிரிங் பற்சில்லுகளைச் சுற்றுகிறது. அவை ஒருபுறம் துருத்தியை இயக்கிக் காற்றை ஊதுகின்றன; மறுபுறம் ஓரம் மேடுபள்ளமாக வெட்டிய கேம் தட்டுகளைச் சுழற்றுகின்றன. விசில் ஒன்றே ஒன்று. ஒரு தட்டு அதனுள் பிஸ்டனை முன்பின் தள்ளிச் சுருதியை ஏற்றி இறக்கும். இன்னொன்று காற்று வால்வைத் திறந்து மூடிச் சுரங்களைத் துண்டாக்கும். அலகையும் வாலையும் இறக்கையையும் மற்றத் தட்டுகள் பார்த்துக்கொள்ளும்.

கடையில் ஒரு தடவை பாடக் கேட்டுவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். முழுதாக முறுக்கி, இடையில் முறுக்காமல், அடுத்தடுத்துப் பல தடவை பாட விடும். பறவை நன்றாக அசைந்தும் பாட்டு மூச்சிரைத்தால் துருத்தியின் தோலில் ஓட்டை. மிக மெல்லிய குடற்சவ்வால் செய்தது அது. மடிப்புகளில்தான் முதலில் வெடிக்கும். சத்தம் பலமாக இருந்தும் ஒரே சுருதியில் நின்றால் பிஸ்டன் இறுகிவிட்டது. பெரும்பாலும் யாரோ அதற்கு எண்ணெய் விட்டிருப்பார்கள். ஆரம்பத்திலிருந்தே இழுபட்டு ஓடினால் சுழலச்சுகளில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். இது கழுவினால் தீரும், பயப்பட வேண்டியதில்லை. பறவை நடுவில் நின்றுவிட்டால் மூடியைக் கையால் அமுக்கவே கூடாது: பறவையைத் தாங்கும் மெல்லிய கம்பிகள் வளைந்துவிடும், பிறகு அது ஒருபோதும் நேராக எழும்பாது.

அடுத்தது முத்திரை. பிறையும் கிரீடமும் 800 என்ற இலக்கமும் இருந்தால் அது ஜேர்மனியில் செய்த வெள்ளி; அந்த முத்திரை 1888இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதைக் காட்டி 18ஆம் நூற்றாண்டுப் பெட்டி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடும். ஜேர்மனியின் ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய பிரெஞ்சு, ஆங்கில முத்திரைகளைப் போன்ற அடையாளங்களையும் அடித்தன. அவற்றை மட்டும் வைத்து வயது கணிக்க முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்து வழியாக வந்த பொருளில் பிரித்தானிய இறக்குமதி முத்திரையும் இருக்கலாம். செஸ்டர் நகரத்துடையது ஓக் விதை. பக்கத்திலுள்ள ஆண்டெழுத்து அங்கே முத்திரையிட்ட வருடத்தைச் சொல்லும்.

கூடு பழையது, பொறி புதியது என்ற கலப்படமும் உண்டு. அடித்தட்டைத் திறக்கச் சொல்லிப் பாரும். பயன்படாத திருகாணித் துளைகள், அடைத்த துளைகள், நடுவில் சரியாகப் பொருந்தாத திறப்புத்துளை இவை மூன்றும் ஒன்றாகக் கண்டால் பொறியை மாற்றியிருக்கிறார்கள். பொறித்தட்டில் கே.ஜி. என்றிருந்தால் ஜேர்மனியின் ட்ரிபெர்க் நகரக் கார்ல் கிரீஸ்பாம் பட்டறையுடையது, 20ஆம் நூற்றாண்டு வேலை. நல்ல வேலைதான், அந்த விலைக்கு வாங்கலாம்.

பழுதான பெட்டியை மலிவாக வாங்கித் திருத்தலாம் என்று எழுதியிருந்தீர். இங்கிருந்துகொண்டு அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் எண்ணம். துருத்தித் தோல் மாற்றத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில். இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் கலாசாரச் சொத்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. அனுப்ப முன் தொல்பொருளியல் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். இறகுகள் இன்னொரு தலையிடி. பழைய பெட்டிகள் பலவற்றில் ஹம்மிங் பறவையின் உண்மையான இறகு ஒட்டியிருக்கும். அந்தப் பறவைக் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருவதால் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் தேவைப்படலாம். ஆகவே பாடுகிற பெட்டிக்கு அதிகம் கொடும், பாடாததற்கு வெள்ளி விலை மட்டும் கொடும்.

வீட்டுக்கு வந்த பிறகு கடல் பக்க ஜன்னலோரம் வைக்க வேண்டாம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதன் மானியும் வைத்து 45 முதல் 55 வீதத்துக்குள் பேணும். அதைவிட உலர்ந்தால் துருத்தித் தோல் நொறுங்கும். ஈரம் கூடினால் பசை விட்டு உருக்கு துருப்பிடிக்கும். றப்பர் பாண்ட், கம்பளித் துணி இரண்டும் கந்தகம் விட்டு வெள்ளியைக் கறுப்பாக்கும். வெள்ளியை முக்கியெடுத்துப் பளபளப்பாக்கும் அமிலத் திரவத்தில் பெட்டியை அமிழ்த்தவே கூடாது. உள்ளே போன துளி உருக்கை அரித்துவிடும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தையல் இயந்திர எண்ணெயும் வேண்டாம். மாதம் ஒரு தடவை பாட விடும், நீண்ட நாள் முறுக்கிய நிலையில் வைக்க வேண்டாம்.

விலை பேசுவதற்கு முன், தொடர்ந்து மூன்று பாட்டுகளைப் போனில் பதிவு செய்து அனுப்பும். முத்திரைகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்து எடும், அடித்தட்டைத் திறந்தபின் ஒரு படமும் வேண்டும்.