கயல் விஷயமாக

அன்புள்ள சரோ,

கயல் காட்டு மிருகங்களை ஆராய்கிற படிப்புதான் வேணும் என்கிறாள், என்ன செய்ய என்று கேட்டு எழுதியிருந்தாய். பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? முறுக்கு கமலாவை விசாரித்ததாகச் சொல்.

"மிருகம்தானே பிடிக்கும், மாட்டு டாக்டருக்குப் படிக்கட்டும்" என்கிறாராமே அண்ணன்! ரெண்டும் ஒன்றா, ஏட்டி? கால்நடை மருத்துவம் ஐந்தரை வருஷம். சீக்கு வந்த மாட்டைக் குணப்படுத்துகிற படிப்பு. கயல் கேட்பது ஒரு காட்டில் மான் எத்தனை, எதைத் தின்கிறது, ஏன் குறைகிறது என்று பார்க்கிற படிப்பு. பி.எஸ்சி. விலங்கியல் போதும். அப்புறம் எம்.எஸ்சி. காட்டுயிரியல், மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் இருக்கிறது, ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம்) எல்லாம் பெரிய இடம். சீட்டும் கொஞ்சம்தான், நுழைவுத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டணும்.

எனக்குக் கவலை வேறே. "கணக்குக்குப் பயந்துதான் சயின்ஸ் குரூப்" என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தாயே, அங்கேதான் இடிக்கிறது. இந்த வேலையில் பாதிக்குமேல் கணக்குதான்.

மான் எண்ணுவதையே எடுத்துக்கொள். காட்டில் இருக்கிற எல்லா மானையும் யாராலும் பார்க்க முடியாது. அதனால் நேர்கோடாக ரெண்டு கிலோமீட்டர் பாதை போட்டு, விடியலில் சத்தமில்லாமல் நடப்பார்கள். மான் கண்ணில் பட்டதும் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம், காம்பஸில் கோணம். 60 மீட்டர் தூரம், நடக்கிற கோட்டுக்கும் மானுக்கும் நடுவில் 30 டிகிரி என்றால் கோட்டிலிருந்து மான் 30 மீட்டர் தள்ளி நிற்கிறது. பத்தாம் வகுப்பு 'சைன்'தான்! இப்படி 60, 80 தடவையாவது பார்த்தால்தான், தூரம் கூடக்கூடக் கண்ணுக்குத் தப்புவது எத்தனை என்று கணிக்க முடியும்.

கெடுவது சின்ன விஷயத்தில்தான். மான் ஓடி நின்ற இடத்தை அளப்பார்கள். முதலில் பார்த்தபோது அது நின்ற இடத்தை அளக்கணும். கூட்டமாக இருந்தால் கூட்டத்தின் நடுவுக்கு அளக்கணும், கிட்டே நிற்கிற மானுக்கு அல்ல. சோம்பல்பட்டு 10, 20, 30 என்று முழு எண்ணாக எழுதினால், தூரத்தை வைத்துப் போடுகிற வரைபடம் பல்லிளித்துவிடும். நடக்க வசதி என்று ஜீப் ரோட்டிலேயே போனால் போச்சு. ரோட்டோரப் புல்லுக்குச் சில மிருகம் வரும், சில மிருகம் வண்டிச் சத்தத்துக்கு விலகிப் போகும். காட்டுக்கணக்கு வராது, ரோட்டுக்கணக்குதான் வரும்.

மிருகம் கடந்தால் தானே படம் பிடிக்கிற கேமராவிலும் இப்படித்தான். எந்தப் புலி என்று உடம்புக் கோட்டை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ரெண்டு பக்கக் கோடும் வேறே வேறே என்பதால், பாதைக்கு இருபுறமும் முழங்கால் உயரத்தில் ரெண்டு கேமரா கட்டுவார்கள். நேருக்கு நேராகக் கட்டினால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும், கொஞ்சம் விலக்கிக் கட்டணும். முன்னால் புல்லை வெட்டாவிட்டால் காற்றில் ஆடிய புல்லின் படம்தான் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அத்தனையையும் உட்கார்ந்து பார்ப்பது யார்? இவள்தான், ஃபேனுக்குக் கீழே.

இன்னொன்று, சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். தலைப்பு முடிவானதுமே மனுப் போடாவிட்டால் சீசன் போய்விடும்.

சம்பளம்? அண்ணன் கேட்காமல் இருப்பாரா! நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர்க்கான உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000, கூட வீட்டு வாடகைப் படி. கிடைக்காதவர்கள் அதைவிடக் குறைந்த சம்பளத்தில் திட்ட உதவியாளர். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நிரந்தர வேலை குறைச்சல். அதை மறைக்காமல் அவளிடமே சொல்லிவிடு.

சேர்க்கும் முன்னால் ஒரு சோதனை. ஜனவரியில் உங்கள் பக்கத்துக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், தன்னார்வலராக அனுப்பு. நாள் முழுக்க வெயிலில் நின்று முக்குளிப்பான் எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று எழுதிவிட்டு, மறுநாளும் போகிறேன் என்கிறாளா பார். பைனாகுலர் 8-க்கு 42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) போதும். கடைக்காரன் 20 மடங்கு என்று ஆசைகாட்டினால் வாங்கிவிடாதே. கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும். அந்தக் காசுக்கு ஒரு புள்ளியியல் புத்தகம் வாங்கிக்கொடு. மூஞ்சியைத் தூக்குவாள், தூக்கட்டும்.

உன்,
மங்கை