அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பையன்

அன்புள்ள கவி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. உடனே பதில் போடாதது தப்புதான், நல்லா திட்டிக்கொள். இங்கே சுவீடனில் எல்லோரும் சௌக்கியம். வாத்தியாரம்மா மகளுக்கு வரன் அமைந்ததா, மறக்காமல் எழுது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், நாலிலும் உன் அண்ணன் மகன்தான். "வந்த அன்னைக்கே என்னைக் கவின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டான், அம்மாவைப் பார்த்து வா உக்காருங்கறான், பெரியப்பா கூப்பிட்டா கிட்டயே வர மாட்டேங்கறான், எது கேட்டாலும் உச்சுக் கொட்டறான், ஒரு மரியாதையும் சொல்லித் தரலை." உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு வயசுப் பிள்ளைமேல் இந்தப் பழியைப் போடாதே. சுவீடனில் கற்றுக்கொண்ட மரியாதை அத்தனையையும் அவன் உங்கள் வீட்டில் ஒழுங்காகச் செய்திருக்கிறான். அது மரியாதைதான் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அந்த இலை விஷயத்தையே எடுத்துக்கொள். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது இவன் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான், ரசம் வழியெல்லாம் சொட்டியது, விருந்தாளிகள் முன்னால் மானம் போனது என்கிறாய். இங்கே ஒன்றிலிருந்து ஐந்து வயசு வரை பிள்ளைகள் பாலர் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு முதலில் பழக்குவதே இதைத்தான். சாப்பிட்டு முடித்தவர் தன் தட்டைத் தானே எடுக்க வேண்டும், மிச்சத்தைக் கரண்டியால் வழித்துத் தொட்டியில் போட வேண்டும், தட்டைத் தள்ளுவண்டியில் வைக்க வேண்டும், சமைத்தவரைப் பார்த்து 'தக் ஃபோர் மாத்தென்' என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். இந்த ஊரில் இதைச் சொல்லாமல் மேசையை விட்டு எழுந்தால்தான் 'வளர்ப்பு சரியில்லை' என்பார்கள். உன் மருமகன் இலையோடு தேடிப் போனது அந்தத் தொட்டியை. விருந்தாளி இலை எடுக்கக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அடுத்த பந்திக்கு முன் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிடு: இலையின் மேல்பாதியை நம் பக்கமாக மடித்தால் முடிந்தது என்று அர்த்தம், கை கழுவப் போகலாம், இலையைத் தொட வேண்டாம். பரிமாறும்போது போதும் என்றால் இலைமேல் கையை விரித்துக் காட்டச் சொல். இங்கே 'வேண்டாம், நன்றி' என்று ஒரு முறை சொன்னால் கரண்டி நின்றுவிடும். மூன்று தடவை மறுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அதனால்தான் முகம் சுருங்கியிருக்கும்.

நன்றி சொல்வதையும் மாற்றிக் கொடு. "நன்றி அப்பத்தா" என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், அம்மாவும் "என்ன கண்ணு, வேத்து மனுசியாட்டம்" என்பார்கள். "நல்லா இருந்துச்சுங்க அப்பத்தா" என்று பழக்கு. அவன் சொல்ல நினைக்கும் நன்றியும் அதில் இருக்கும், அம்மா மனசும் குளிரும்.

அடுத்து 'வா, உக்காரு'. இதில் குறை அவன் காதில் விழுந்த தமிழில்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வருவது அம்மா அப்பா வாயிலிருந்து மட்டும். அவர்கள் அவனிடம் என்ன பேசுகிறார்கள்? வா, குளி, சாப்பிடு, ஷூவைப் போடு. அதையே அவன் அப்பத்தாவுக்குத் திருப்பிக் கொடுக்கிறான். கோயமுத்தூரில் வளரும் பிள்ளை, அம்மா பால்காரரிடம் "வாங்க" என்பதையும் பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் "உக்காருங்க" என்பதையும் நாள் முழுக்கக் கேட்கிறது. அவன் வளரும் சுவீடன் நகரமான உமியோவில் வாசலுக்கு வரும் பால்காரருக்கு எங்கே போவது?

இதற்கு மருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பெரியவர்கள் பிள்ளைகளிடமே "வாங்க சாமி, சாப்பிடுங்க கண்ணு" என்று பேசுவார்களே, அதுதான். நாளையிலிருந்து வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் அவனிடமும் அவன் தங்கச்சிக் குட்டியிடமும் 'ங்க' போட்டுப் பேசுங்கள். முதல் வாரம் ஐந்து சொல் போதும்: வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, சொல்லுங்க, சரிங்க. அவன் "அப்பத்தா, வா" என்றால் "வாங்கன்னு சொல்லு" என்று நாலு பேர் முன்னால் திருத்தாதே. நீயே அதே குரலில் "அப்பத்தா, வாங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு பேச்சைத் தொடர். திருத்தினால் பிள்ளை தமிழே பேசாமல் வாயை மூடிக்கொள்ளும். இதுதான் இங்கே பல வீடுகளில் நடக்கிறது, அதற்கப்புறம் அந்தத் தமிழை மீட்பது பெரும்பாடு. இன்னொன்று, நாய்க்கும் தங்கச்சிக்கும்கூட "வாங்க" போடுவான். சிரித்துவிடாதே, விட்டுவிடு. யாருக்கு 'வா', யாருக்கு 'வாங்க' என்று கேட்கக் கேட்கப் பிரித்துக்கொள்வான்.

'நீ' போய் 'நீங்க' வருவதற்குத்தான் நாளாகும். சுவீடிஷ் பேச்சில் எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் 'டூ'தான், ஆசிரியர் ஆனாலும் டாக்டர் ஆனாலும். பலரை ஒன்றாகக் குறிக்கும் சொல் 'நி'. நம் 'நீ'யும் அதுவும் காதுக்கு ஒன்று போலவே இருப்பது பாவம் அவனுக்கு இன்னும் குழப்பம். ஆனால் இந்த நாடு எப்போதும் இப்படி இருந்ததில்லை, கவி. 1960கள் வரைக்கும் பெரியவர்களை 'டூ' என்றால் அவமதிப்பு. 'நி'யும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வது போலப் பட்டதால் அதையும் தவிர்ப்பார்கள். "டாக்டருக்குக் காபி வேணுமா?" என்று முகத்துக்கு நேராகவே பதவியைச் சொல்லிக் கேட்பார்கள். 1967இல் அரசு மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், இனி ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்றே அழைப்பேன் என்று அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றம் அதன்பின் நாடு முழுக்கப் பரவியது. ராஜாவிடம் மட்டும் இன்றும் "ராஜா என்ன நினைக்கிறார்?" என்கிற பழைய பேச்சுத்தான். அந்தப் பழைய வழியை நீ அவனுக்குக் கொடு. 'நீ'யும் வேண்டாம், 'நீங்க'வும் வேண்டாம். "அப்பத்தாவுக்குக் காபி வேணுங்களா?" "பெரியப்பா எப்ப வந்தாங்க?" உறவுமுறையைச் சொன்னால் போதும், வாக்கியம் தானாக மரியாதையாகிவிடும்.

இனி உனக்கு அதிகம் வலித்த விஷயம், அந்தப் பேர். ஆசிரியரையே பேர் சொல்லிக் கூப்பிடும் நாட்டில் அத்தையைப் பேர் சொல்வது அவனுக்கு நெருக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் 'ஆன்ட்டி'யில் ஆரம்பித்திருப்பீர்கள், அங்கேதான் தப்பு. ஆங்கிலம் வழியாகப் போகாதே. சுவீடிஷ் மொழியில் அப்பாவின் அக்கா தங்கை 'ஃபாஸ்டர்', அம்மாவின் அக்கா தங்கை 'மூஸ்டர்', அம்மாவின் அண்ணன் தம்பி 'மூர்ப்ரூர்', அப்பாவின் அண்ணன் தம்பி 'ஃபார்ப்ரூர்', அப்பாவின் அம்மா 'ஃபார்மூர்'. பார்த்தாயா, நம்மைப் போலவே அப்பா பக்கம் வேறு, அம்மா பக்கம் வேறு! "நான் உனக்கு ஃபாஸ்டர், தமிழில் அத்தைன்னு சொல்லுவாங்க" என்று சொல்லிப் பார், ஒரே தடவையில் பிடித்துக்கொள்வான். மூத்தவர் இளையவர் என்ற பிரிவு மட்டும் அவர்களிடம் இல்லை. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் முதலில் பிறந்தது என்று அவர்களையே சொல்ல வை.

உச்சுக் கொட்டுவது பற்றி. அது 'ஆமாம்'! உமியோ பக்கம் ஆமாம் என்பதற்கு வாயைக் குவித்து 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். கடைக்காரர், டிரைவர், கிழவர், பிள்ளை எல்லோரும் அப்படித்தான். "பால் வேணுமா சாமி?" என்று அம்மா கேட்டபோதெல்லாம் அவன் ஆமாம் என்றே சொல்லியிருக்கிறான், பால்தான் வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசே ஆறவில்லை. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

திட்டும்போது கண்ணைப் பார்க்கிறான் என்பதும் அப்படித்தான். பெரியவர் பேசும்போது கண்ணைப் பார் என்று இங்கே பழக்குவார்கள். தலைகுனிந்தால் கவனிக்கவில்லை என்று பொருள். இடது கையால் கொடுப்பதற்கு, வலது இடது என்று போராடாதே, ரெண்டு கையாலும் கொடு என்று சொல். தட்டு, டம்ளர், பூ எதுவானாலும் அழகாக இருக்கும், அவனுக்கும் மறக்காது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதை மட்டும் யாரும் சொல்லவே தேவைப்பட்டிருக்காதே? இங்கேயும் அதே வழக்கம்.

பெரியப்பா விஷயத்தில் மட்டும் நான் உன் பக்கம் இல்லை. "பெரியப்பாவுக்கு முத்தம் குடு", "மடியில வந்து உக்காரு" என்று இழுக்கும்போது அவன் கையை நீட்டித் தடுத்தான் என்று எழுதியிருக்கிறாய். இங்கே பாலர் பள்ளியிலேயே 'ஸ்டொப், மின் க்ரொப்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். நிறுத்து, இது என் உடம்பு என்று அர்த்தம். பெரியப்பா தங்கமான மனுசர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அது எல்லோரிடமும் செல்ல வேண்டும். தங்கமானவரிடம் செல்லாது என்று நாமே பழக்கிவிட்டால், பொல்லாதவன் எதிரே வரும்போது அந்தச் சொல் வாயில் வராது. மற்றதில் எல்லாம் அவனை நம் ஊர் வழிக்குக் கொண்டு வா, இதை மட்டும் தொடாதே. பதிலுக்கு ஒன்று கொடு: ரெண்டு கையையும் கூப்பி "வணக்கமுங்க" சொல்லட்டும். அம்மாவுக்கு ஆசை தாங்கவில்லை என்றால் நெட்டி முறிக்கச் சொல். அவன் முகத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்துப் படபடவென்று முறிப்பார்களே, அந்தச் சத்தத்துக்கே ஓடி வந்து நிற்பான். கால்களில் விழுவதையும் முன்கூட்டியே ஒரு தடவை விளையாட்டாகச் செய்து காட்டிக் கேட்டுவிடு. பிடரியில் கைவைத்து அழுத்த வேண்டாம்.

பஸ்ஸில் போகும்போது யாராவது "பையனைக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன்" என்பார்கள். உமியோ பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் பிள்ளையைத் தொட மாட்டார், பேச்சுக்கூடக் கொடுக்க மாட்டார், அதனால் மிரண்டுபோவான். ஏறும் முன்பே சொல்லி வை. வேண்டாம் என்றால் பையனுக்குப் பதில் உன் கூடையைக் கொடு. கேட்டவருக்கும் மனசு கோணாது.

அடுத்த வருஷம் அம்மா சுவீடன் வருவதாகச் சொன்னாயே, அவர்களுக்கும் பாடம் இருக்கிறது. பூங்காவில் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கக் கூடாது, கன்னத்தைக் கிள்ளக் கூடாது. செவ்வாய்க்கிழமை மிட்டாய் கொடுக்கக் கூடாது. இங்கே பல வீடுகளில் மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான். 1945 முதல் 1955 வரை லுண்ட் நகரத்தில் விப்பேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதியில், அங்கே இருந்தவர்களுக்கே ஒட்டும் மிட்டாயைக் கொடுத்துப் பல் சொத்தையாவதைப் பார்த்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்து கிடைத்த அறிவுதான் வாரம் ஒரு நாள் என்ற பழக்கமாக ஆனது.

மிக முக்கியமானது, அடி. 1979இலேயே இங்கே வீட்டுக்குள்ளும் பிள்ளையை அடிப்பது சட்டப்படி நிறுத்தப்பட்டது, உலகிலேயே முதலில். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. அம்மா விளையாட்டுக்குத்தான் "அடி வெளுத்துருவேன்" என்பார்கள். பிள்ளை அதை மறுநாள் பள்ளியில் அப்படியே சொல்லும். பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் சந்தேகம் வந்தால் சமூகநலத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது சட்டக் கடமை. அம்மாவைப் பயமுறுத்தாமல், ஆனால் தெளிவாகச் சொல்.

ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறை போவீர்கள், சொந்தமெல்லாம் கூடும். அதற்குள் ஐந்து சொல்லும் 'அத்தை'யும் வந்துவிடும். கிளம்பும்போது "போறேன்" என்பான், "போயிட்டு வர்றேனுங்க" என்பதை மட்டும் முதல்நாள் ராத்திரி சொல்லிக்கொடு. என்ன சொன்னான் என்று எனக்கு அப்படியே எழுது. அண்ணன் திரும்பி வரும்போது ஊத்துக்குளி நெய் அரை கிலோ கொடுத்துவிடு.

உன்,
சாந்தி