உன் அண்ணன் ஏன் இளைத்திருக்கிறான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அண்ணன் முன்னைக்கு இப்போது தேவலை. போன வாரம் வீடியோவில் அவனைப் பார்த்துவிட்டு, "புண்தான் ஆறிவிட்டதே, பிறகு ஏன் இப்படித் துரும்பாக இருக்கிறான், வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறீர்களா இல்லையா?" என்று கேட்டாய். அன்று முழுக்க உன் அம்மா சரியாகப் பேசவில்லை. அவன் காதுபடப் போனில் இதை விளக்க முடியாது என்பதால்தான் கடிதம்.

வெடிமருந்து கலக்கும் அறையில் பிடித்த தீ அவன் உடம்பில் பாதித் தோலைத் தின்றுவிட்டது உனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய தீக்காயம் பட்டால், படுத்த படுக்கையிலேயே உடம்பு பந்தயத்தில் ஓடுவதுபோல் ஓடுமாம். அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் தாறுமாறாகச் சுரக்கும், நாடி படபடக்கும். சும்மா கிடக்கும்போதே வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு மடங்கு வரை சக்தி செலவாகும். புதுத்தோல் வளரவும் கிருமியோடு போராடவும் வேண்டிய புரதத்தை உடம்பு தன் தசையைக் கரைத்தே எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு ஊட்டினாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது என்று டாக்டர் அம்மாவிடமே சொன்னார். காயம் மூடிய பிறகும் ஓராண்டு, இரண்டாண்டுகூட இது நீடிக்குமாம். ஆகவே குறை உன் அம்மாவின் அகப்பையில் இல்லை.

அவன் போடும் புரோபிரனோலால் மாத்திரையைப் பார்த்து இதய நோய் என்று பயந்துவிடாதே. துடிப்பைக் குறைத்து உடம்பின் வேகத்தை அடக்கத்தான் அது. அமெரிக்காவில் கால்வெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, தசை கரைவது குறைவதை 2001இல் எழுதியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது. உன் அத்தை வந்து உட்கார்ந்துகொண்டு பத்தியம் பேசினாள். முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்குமாம், மீன் கொடுத்தால் அரிப்பெடுக்குமாம், கஞ்சியும் ரசமும் போதுமாம். நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத உன் அம்மா, அவள் கண்ணெதிரிலேயே அயிரை மீன் குழம்பை அண்ணன் தட்டில் ஊற்றினாள்! டயட்டீஷியன் சொன்ன கணக்கு இது: கிலோ எடைக்கு ஒன்றரை முதல் 2 கிராம் வரை புரதம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான். கஞ்சியால் ஆகிற காரியமா?

ஆனால் சாப்பாடு மட்டும் போட்டு உட்கார வைத்தால் தொப்பைதான் வரும், தசை வராது. அதனால் காலையில் வெயில் ஏறுமுன் பயிற்சி. ஒட்டுப்போட்ட தோலில் சரியாக வியர்க்காது. நம் ஊர் வெயிலில் உடம்பு சட்டென்று கொதித்துவிடும். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். பாதி எழும்போது தொடை வெடவெடவென்று நடுங்கும். மூட்டை தூக்கிய பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். நான் பிடிக்கப் போனால் முறைப்பான். பிசியோதெரபிஸ்டும் பிடிக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது இருக்கிறதே, அதற்கும் தனி பலம் வேண்டும். தழும்பு தடிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் இறுக்கச் சட்டையைக் குளிக்கும்போதுதான் கழற்றுகிறான்.

புரதப் பவுடர் அனுப்புவதாகச் சொன்னாய். முதலில் டப்பாவின் லேபிளைப் படமெடுத்து அனுப்பு, டயட்டீஷியனிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். இனி அவனிடம் பேசும்போது இளைத்துவிட்டாய் என்று ஆரம்பிக்காதே. இன்று எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தாய் என்று கேள். குறைத்துச் சொன்னால் நன்றாகத் திட்டு. நான் திட்டினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். உன்னிடம் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அம்மாவிடமும் தனியாக ஒரு நாள் பேசு.

இப்படிக்கு,
அப்பா